அண்ணனின் மெழுகுக் கண்டென்சர்கள்

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது கேலாங் பக்கம் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிச் சாமான்களை இங்கே பூட்டிப் பெட்டியாக்கி அனுப்பும் இடம் அது. பூட்டும் வரிசையில் என்னை உட்காரவைக்கவில்லை. வந்து இறங்கும் சாமான்களைச் சோதிக்கும் மேசையில் போட்டார்கள். என் பங்குக்குக் கிடைத்தது கண்டென்சர். பள்ளிப் புத்தகத்தில் மின்தேக்கி என்று போட்டிருப்பார்களே, அதுதான். தொழிற்சாலையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

வேலை எளிது. கண்டென்சரின் இரண்டு கம்பிகளையும் கிளிப்பில் மாட்ட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும். மீட்டரின் முள் இருந்த இடத்திலேயே இருந்தால் நல்லது. சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அது கசிகிறது, கழிவுத் தட்டில் போட வேண்டும். ஒரு கண்டென்சர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பாட்டு அதன் வழியே போகலாம், மின்சாரத்தின் அழுத்தம் போகக் கூடாது. கசிந்தால் அழுத்தமும் சேர்ந்து போய்விடும். அடுத்து இருப்பது கெட்டுப்போகும்.

ஆறு மாதத்தில் எனக்குச் சில விஷயங்கள் கைக்குப் பழகிவிட்டன. காகிதத்தைச் சுருட்டி மெழுகில் முக்கியெடுத்த வகை வந்தால் அன்றைக்குக் கழிவுத் தட்டு நிரம்பும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் மெழுகைத் தாண்டிக் காகிதத்துக்குள் போய்விடும். பாலியஸ்டர் என்று புதிதாக வரத் தொடங்கியிருந்த மஞ்சள் வகை வந்தால் நாள் முழுக்க முள் தூங்கும். பொட்டு மாதிரித் தட்டையாக இருக்கும் பீங்கான் வகையிலும் கசிவு அபூர்வம். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. காலை முதல் மாலை வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

என் அண்ணனுக்கு மட்டும் அதைத் தெரியவைக்க முடியவில்லை.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். ஆங்கிலம் நன்றாக வரும். இங்கிலாந்திலிருந்து வரும் ரேடியோ சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் பிராஸ் பாசா சாலைப் புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்து வாங்கி, கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்திருப்பான். எங்கள் வீடு சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இருந்தது. கீழே மாவு மில். காலை ஏழரைக்கு மோட்டார் ஓடத் தொடங்கினால் மாடித் தரையில் வைத்த சில்வர் டம்ளர்கள் மெல்ல நகரும். மிளகாய் அரைக்கும் நாட்களில் வீட்டில் எல்லாரும் தும்மிக்கொண்டே சாப்பிடுவோம்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரம், அப்பா மண்டபத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்தது மைக் செட் என்றார்.

"மைக் செட்டுக்கு வெளியாளே வேணாம்ப்பா. நானே ஆம்ப்ளிஃபையர் கட்டிடறேன். சஞ்சிகையில முழுப் படமும் போட்டிருக்கான்" என்றான் அண்ணன்.

"கல்யாணத்தன்னிக்கு மானத்தை வாங்கிடாதே."

"ரெண்டு மாசம் இருக்குப்பா. அதுக்குள்ள மூணு கட்டலாம்."

எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. என் வேலைக்கும் அவன் ஆசைக்கும் இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததே, இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்று நினைத்தேன்.

முதல் வாரம் அவன் என்னைக் கேட்கவும் செய்தான். படத்தை விரித்துவைத்துக்கொண்டு, "இந்த இடத்துல எல்லாம் கண்டென்சர் போடணும். என்ன வகைன்னு அவன் எழுதல. நீதான் தினமும் பாக்கறியே, எது நல்லது?" என்றான். நான் கொஞ்சமும் யோசிக்காமல் பீங்கான் என்றேன். சின்னதாக இருக்கும், எளிதில் கிடைக்கும், எங்கள் மேசையில் அது கசிந்து நான் பார்த்ததே குறைவு. ஜாலான் புசார் ரேடியோ கடையில் போய் அவன் அதையே வாங்கி வந்தான். இரண்டு வாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்து, அலுமினியத் தட்டில் துளை போட்டு, வால்வு என்ற கண்ணாடிக் குழல்களுக்குக் குழி பொருத்தி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்தான். வேலையில் அவன் கை சுத்தம். அதை நான் மறுக்கமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெட்டிக்கு உயிர் கொடுத்தான். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய ரிக்கார்ட் பிளேயரில் தட்டு சுழன்றது. பாட்டு வந்தது. அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அப்போது சாப்பாட்டு இடைவேளை முடிந்து கீழே மில் மறுபடி ஓடத் தொடங்கியது.

மோட்டாரின் அதிர்வு தரை வழியாக ஏறி, மேசை வழியாகப் பெட்டிக்குள் போய், ஸ்பீக்கரில் கணகணவென்று வந்தது. பாட்டுக்கு நடுவே யாரோ தகர டப்பாவைக் குலுக்குவது போல. அண்ணன் பென்சிலால் ஒவ்வொரு சாமானாகத் தட்டிப் பார்த்தான். பீங்கான் கண்டென்சர் எதைத் தட்டினாலும் ஸ்பீக்கரில் 'டிங்' என்று கேட்டது.

அந்த வகைக்கு அப்படி ஒரு குணம் உண்டு, ஆட்டினால் பாடும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் மேசையில் கசிவை மட்டும்தான் பார்ப்போம். தட்டிப் பார்க்கும்படி யாரும் சொன்னதில்லை.

"நல்லா சொன்னே போ" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலமே அத்தனையையும் பிய்த்து எடுத்தான். அதோடு என் பேச்சும் வீட்டில் எடுபடாமல் போனது. அன்றிலிருந்து நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், குழம்புக்கு உப்பு போதவில்லை என்று சொன்னால்கூட, "பாப்பா சொல்றா, டிங்குன்னு கேக்கப் போவுது" என்று என்னைக் கிண்டல் செய்வான். அப்பாவும் சிரிப்பார். அக்காவும் சிரிப்பாள். நானும் முதல் இரண்டு தடவை சிரித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவன் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனான். தரையில் விரித்த கித்தானில் துருப்பிடித்த பூட்டிலிருந்து ராணுவ பூட்ஸ் வரை எல்லாம் கிடக்கும். திரும்பி வரும்போது கையில் கனத்த ஒரு காகிதப் பை. மேசையில் கொட்டினான். ராணுவ வயர்லெஸ் பெட்டிகளிலிருந்து கழற்றிய மெழுகுக் கண்டென்சர்கள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். பழுப்பு மெழுகில் தூசி ஒட்டியிருந்தது. அடியில் இரண்டு பெரிய எலெக்ட்ரோலிட்டிக் குழாய்களும் கிடந்தன. மின்சாரத்தின் உறுமலை வடிகட்டுவது அந்தக் குழாய்களின் வேலை.

"தூக்கிப் பாரு, எவ்வளவு கனம்! யுத்தத்துக்குச் செஞ்சது. குண்டு விழுந்தாலும் வேலை செய்யணும்னு செஞ்சது."

"அண்ணே, மெழுகுக் காகிதம் வேணாம். நான் தினமும் தூக்கிப் போடறதே இதைத்தான்."

"நீ தூக்கிப் போடறது இப்ப செய்யற மட்டமான சரக்கு. இது பழைய மால்."

"பழசா இருந்தா இன்னும் மோசம். அத்தனை வருஷமா ஈரம் குடிச்சிருக்கும்."

"டிங்" என்றான்.

நான் ஒரு தடவை தப்பாகச் சொன்னது உண்மைதான். ஆனால் அவன் என் தப்பை நினைவில் வைத்தான், நான் சரியாகச் சொன்ன எதையும் வைக்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது.

மெழுகுக் கண்டென்சர்கள் போட்ட பெட்டி அழகாகப் பாடியது. கீழே மில் ஓடினாலும் டிங் என்ற சத்தம் இல்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை போதும். கால் மணி நேரம் கழித்துப் பாடகரின் குரல் கரகரத்தது. பிறகு தொண்டை கட்டியவர் போல ஆனார். பெட்டியின் கோடியில் இருந்த பெரிய வால்வின் உள்ளே இருக்கும் தகடு, அடுப்பில் வைத்த இரும்பு போலச் சிவந்தது. அண்ணன் பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

"வால்வு போச்சு" என்றான்.

புது வால்வு வாங்கி வந்தான். கால் மணி நேரம் பாட்டு, பிறகு கரகரப்பு, பிறகு சிவப்பு. டிரான்ஸ்ஃபார்மர் சரியில்லை என்றான். அதை மாற்றினான். அதே கதை. வீட்டுக்கு வரும் மின்சாரம் ஏறி இறங்குகிறது என்றான். மில் மோட்டார்தான் காரணம் என்று கீழே போய் மில்காரரோடு வாக்குவாதம் செய்துவிட்டு வந்தான். ஒரு நாள் வெயில் அதிகம் என்றான். மறுநாள் மழை பெய்தது, அதையும் சொன்னான். நான் ஒவ்வொரு தடவையும் "கண்டென்சர், அண்ணே" என்றேன்.

"கண்டென்சர் கசிஞ்சா ஆரம்பத்துலேருந்தே கசியணும்ல? கால் மணி நேரம் ஏன் நல்லா பாடுது?"

கேள்வி நியாயமான கேள்வி. அதனால் எரிச்சல் இன்னும் அதிகமானது.

ஒரு திங்கட்கிழமை அவனுடைய பையில் மிச்சம் கிடந்த மெழுகுக் கண்டென்சரில் ஒன்றை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மத்தியான இடைவேளையில் கிளிப்பில் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். முள் எழுந்து, சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டது. எங்கள் கணக்கில் அது தேறிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து நாற்காலியில் வேலை செய்த மலாய்க்காரப் பெண்மணியை நாங்கள் கக்கா என்றுதான் கூப்பிடுவோம், மலாயில் அக்கா என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது பெரியவள். என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். பெட்டி சூடாகுமா என்றாள்.

"வால்வு எரியுதில்ல, கொதிக்கும்."

அவள் தன் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். கண்டென்சரை அந்தக் கோப்பையின் வெளிப்பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்துப் பிடித்தாள். இரண்டு நிமிடம் இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மெல்ல மேலே ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மெழுகு இளகி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

"அபாங்கிட்ட போய்ச் சொல்லு லா" என்று அவள் சிரித்தாள். அபாங் என்றால் மலாயில் அண்ணன்.

அன்று பஸ்ஸில் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். வீட்டுப் படியை இரண்டு இரண்டாக ஏறினேன். அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: குளிரில் கசியவில்லை, சூட்டில் கசிகிறது, அதனால்தான் கால் மணி நேரம், உள்ளே சூடு ஏறின பிறகுதான் கெடுகிறது.

அவன் முழுவதும் கேட்டான். பிறகு, "என் சாமானை என்னைக் கேக்காமலே எடுத்துட்டுப் போனியா?" என்றான்.

"அண்ணே, அதுவா இப்ப முக்கியம்?"

"கேக்காம எடுக்கறது தப்பா இல்லையா? சொல்லு."

"தப்புதான். ஆனா கசியுது."

"தேத்தண்ணி கோப்பையில வெச்சு டெஸ்ட் பண்ணாங்களாம். எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

அம்மா உள்ளிருந்து, "அடுத்தவங்க பொருளைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்றாள். அவளுக்கு விஷயம் அவ்வளவுதான் காதில் விழுந்திருந்தது. அக்கா கையில் மருதாணியைப் போட்டுக் காயவிட்டு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் என் கல்யாணத்துக்காகச் சண்டை போடறீங்களா, இந்தப் பெட்டிக்காகப் போடறீங்களா?" என்றாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அவன் காதில் விழாதபடி அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை நானே ஜாலான் புசார் ரேடியோ கடைக்குப் போனேன். ஒற்றையாளாக அந்தக் கடைக்குள் நுழைவது அதுவே முதல் தடவை. கடைக்காரச் சீனர் என்னைப் பார்த்து, பாட்டரி வேண்டுமா என்று மலாயில் கேட்டார். கண்டென்சர் என்றேன். அபாங் சீட்டு எழுதிக் கொடுத்தாரா என்றார். சீட்டு இல்லை, நான்தான் பார்த்து வாங்குவேன் என்றேன்.

அவருக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வைத்தார். முதலில் எண்ணெயில் ஊறிய காகிதத்தைத் தகர டப்பிக்குள் அடைத்த வகை. அது நல்ல வகைதான், ஆனால் அவர் வைத்திருந்ததும் ராணுவச் சரக்கு. டப்பியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் எண்ணெய் பிசுக்கு. வேண்டாம் என்றேன். அடுத்தது மைக்கா, சாக்லேட் வில்லை மாதிரி இருக்கும். அதில் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேண்டிய அளவுக்குப் பெரியதாக அதைச் செய்வதில்லை. மூன்றாவதாகப் பொட்டுப் பீங்கான். அதைப் பார்த்ததுமே தலையை ஆட்டினேன். கடைசியில் உள்ளே போய் ஒரு சிறு அட்டைப் பெட்டியிலிருந்து மஞ்சள் பாலியஸ்டரை எடுத்து வந்தார். எங்கள் மேசைக்கு வருவது போன்றதே. புரட்டிப் பார்த்தேன். நூற்று அறுபது வோல்ட் என்று போட்டிருந்தது.

"நானூறு வேணும். இது வால்வு பெட்டிக்கு. இதைப் போட்டா வெடிக்கும்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். மறுபடி உள்ளே போனார். நானூறு வோல்ட் போட்டது இரண்டு கொண்டு வந்து, துணியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். வீட்டில் இத்தனை வாரமாக யாரும் செய்யாததை அந்தக் கடைக்காரர் செய்தார், நான் சொன்னதைக் கேட்டார். வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அவை இரண்டும் பத்து நாள் என் கைப்பையில் கிடந்தன. எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை நான்கு மணி. ஈப்போவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் பெட்டியை அவர்களுக்குப் போட்டுக் காட்டினான். புது வால்வு போட்டு, ஒரு மேசை விசிறியைப் பக்கத்தில் ஓடவிட்டிருந்தான். விசிறி காரணமாக இந்தத் தடவை இருபத்தைந்து நிமிடம் தாங்கியது. பிறகு கரகரப்பு. பிறகு அந்தச் சிவப்பு.

சித்தப்பா குனிந்து காபியைக் குடித்தார். அப்பா எழுந்துவிட்டார். "போதும்ப்பா. மண்டபத்துக்காரங்ககிட்டச் சொல்லி வாடகை செட்டுக்கு ஏற்பாடு பண்ணிடறேன்."

அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு மாதமாக ஒரு படம் பார்க்கப் போகவில்லை அவன், ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போகவில்லை. அவன்மேல் எனக்கு இருந்த கோபம் அத்தனையும் அப்படியே இருந்தது, ஆனாலும் அவன் அப்படி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணே, மீட்டர் குடு" என்றேன்.

அவன் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். விசிறிக் காற்றில் பெட்டி ஆறியதும் மறுபடி போட்டு, பெரிய வால்வின் கிரிட் என்ற முனையில் மீட்டரின் கம்பியை வைத்தேன். அந்த முனையில் அழுத்தம் என்று ஒன்றும் இருக்கக் கூடாது. முள் சுழியத்தில் நிற்க வேண்டும். நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தேன். விசிறியை நிறுத்தினேன். சூடு ஏற ஏற முள்ளும் ஏறியது. அஞ்சு வோல்ட், எட்டு வோல்ட், பன்னிரண்டு. பெட்டியை அணைத்தேன்.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று படியிறங்கிப் போய்விட்டான். மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை.

"உனக்கு மாத்தத் தெரியுமா?" என்றார் அப்பா.

"தெரியும்ப்பா."

பிளக்கைப் பிடுங்கினேன். பெரிய குழாய்களில் தேங்கி நிற்கும் மின்சாரத்தை வடித்தேன். பெரிய வால்வுக்குப் பாட்டு போகும் வழியில் இருந்த மெழுகுக் கண்டென்சர்கள் இரண்டையும் வெட்டி எடுத்து, மஞ்சள் இரண்டையும் பற்றவைத்தேன். என் ஈயப்பற்று அவனுடையதைப் போல வழவழப்பாக வரவில்லை, சொதசொதவென்று குவிந்து நின்றது. பெட்டியைப் போட்டோம். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. பாடகருக்குத் தொண்டை கட்டவில்லை. வால்வு சிவக்கவில்லை. சித்தப்பா இன்னொரு காபி கேட்டார்.

அண்ணன் திரும்பி வந்தபோது பெட்டி பாடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டான். கிட்டே வந்து டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தான். "சத்தம் முன்னைக்கு மெலிஞ்ச மாதிரி இருக்கே" என்றான்.

எனக்கு அந்த மீட்டரை எடுத்து அவன் மேல் எறியலாம் போல இருந்தது.

"மெலியல. அடியில ஒரு உறுமல் கேக்குது பாரு, அது அந்தப் பழைய எலெக்ட்ரோலிட்டிக். உள்ளே காஞ்சு போச்சு. அதையும் மாத்தணும். கடை மூடறதுக்குள்ள போனா வாங்கிடலாம்."

"கல்யாணக் கூட்டத்துல அது யாருக்குக் கேக்கப் போவுது" என்றான்.

கேட்டது. நாதஸ்வரமும் பாட்டும் இருந்தவரை தெரியவில்லை. தாலி கட்டி முடிந்து வாழ்த்துரை சொல்ல ஆட்கள் மைக்குக்கு வந்தபோது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'உம்ம்ம்' என்று மண்டபம் முழுக்க உறுமியது. ஒரு பெரியவர் பேச்சை நிறுத்தி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். நான் சந்தனத் தட்டோடு வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் பெட்டி விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை நிற்காமல் பாடியது. அதை நானும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பந்தியில் ஆளாளுக்கு அண்ணன் முதுகில் தட்டினார்கள். "நீயே கட்டினதா? முழுசா?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கேட்டார். "முழுசா நானே கட்டினது. இங்கிலாந்து டிசைன்" என்றான் அண்ணன். நான் மூன்றடி தள்ளிப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மண்டபம் காலியான பிறகு, அவன் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ."

"எதுக்கு?"

"நான் மாத்தலன்னா இன்னிக்குப் பாடியிருக்குமா?"

அவன் வயர் சுற்றுவதை நிறுத்தவில்லை. "நீ ரெண்டு சாமான் மாத்தினே. இந்தப் பெட்டிக்குள்ள அறுபது எழுபது சாமான் இருக்கு. அத்தனையும் நான் வெச்சது. ரெண்டு மாத்தினவ பேரைச் சொல்லுவாங்களா, எழுபது வெச்சவன் பேரைச் சொல்லுவாங்களா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் எங்கோ பெரிய அநியாயம் இருந்தது. அது எங்கே என்று எனக்கு அப்போது எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, புடவை மடிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது எல்லாம் நல்ல நல்ல பதில்கள் தோன்றின.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவனிடம் பெட்டி கட்டித்தரக் கேட்டு வருபவர்கள் அதிகமானார்கள். ஒரு வாசகசாலைக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று என்று கட்டினான். சந்தைக்குப் போய் வந்ததும் காகிதப் பையை என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவான். பார்த்துச் சொல் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் பிரித்துவைப்பேன்: இது ஆகும், இது ஆகாது. குளித்துவிட்டு வந்து, ஆகாது என்று ஒதுக்கியதிலிருந்து இரண்டு மூன்றை எடுத்து மறுபடி ஆகும் பக்கம் போட்டுக்கொள்வான். "இதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பான். அடுத்த மாதம் அந்தப் பெட்டி ரிப்பேருக்குத் திரும்பி வரும்.

ஓர் ஆண்டு இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் பையைத் திறக்காமலே அவன் கட்டிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, எனக்கென்று ஒரு ஆம்ப்ளிஃபையர் கட்டத் தொடங்கினேன். சந்தைச் சாமான் ஒன்றுகூட இல்லை. பாட்டு போகும் இடங்களில் எல்லாம் பாலியஸ்டர், சின்ன அளவு வேண்டிய இடத்தில் மைக்கா, வடிகட்ட அந்த வருடமே செய்த எலெக்ட்ரோலிட்டிக். ஒவ்வொன்றையும் மேசையில் ஒரு தடவை, கக்காவின் கோப்பையில் ஒரு தடவை சோதித்தேன். நான்கு மாதம் எடுத்தது. வால்வு சிவக்கவில்லை, டிங் இல்லை, கரகரப்பு இல்லை.

உறுமல் மட்டும் இருந்தது.

எலெக்ட்ரோலிட்டிக்கை மாற்றினேன். பெரிய அளவு போட்டேன். வால்வை மாற்றினேன். கம்பிகளை முறுக்கிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். ஆறு வாரம் மாலை தவறாமல் அதோடு மல்லுக்கட்டினேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் அந்த வண்டு போகலியா?" என்று கேட்பாள். எல்லாம் நல்ல சாமான், நானே பார்த்துப் பார்த்துப் போட்டது, பின் ஏன் என்று நினைக்க நினைக்கத் தலை வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். என் மேசையைத் தாண்டும்போது நின்றான். குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தான்.

"எர்த் கம்பியை நாலு இடத்துல கட்டியிருக்கே. எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டாந்து கட்டு. போயிடும்."

"அது இல்ல. எலெக்ட்ரோலிட்டிக்காத்தான் இருக்கும்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கினான்.

சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சந்து முனையில் திரும்பி அவன் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்து உட்கார்ந்து, நாலு கம்பியையும் கழற்றி ஒரே இடத்தில் பற்றவைத்தேன். பெட்டியைப் போட்டேன். உறுமல் இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன், சுத்தமாக இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவன் வந்து கேட்டால் எலெக்ட்ரோலிட்டிக்கை மாற்றினேன், சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன். சாயங்காலம் அவன் வந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் கைகால் கழுவப் போய்விட்டான்.